நாரியும் இடுப்பும்: உடற்பரிசோதனையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுணுக்குக்காட்டி, எக்ஸ் கதிர், நுண்ணுயிர்கொல்லி ஆகியனவே அவ்வரலாற்றின் நாயகர்களாக நிற்கின்றன. வைத்தியர் தம் வெறுங் கையினாலும் கண்ணினாலும் நோயாளியின் உடலை ஆராய்ந்த முறைகளுக்கு அங்கு கிடைக்கும் இடம் மிகச் சிறிது. கருவிக்கு உடைமையாளர் உண்டு, உற்பத்தியாளர் உண்டு, சந்தை உண்டு. கைக்கு இவை எவையும் இல்லை. அதன் வரலாறு எழுதப்படாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இக்கட்டுரை கீழ்முதுகு, இடுப்பு மூட்டு, இடுப்பு வளையம் ஆகியவற்றின் உடற்பரிசோதனை முறைகள் தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய முற்படுகின்றது. எம்மவர் நாரிநோ என்றும் நாரிப்பிடிப்பு என்றும் கூறும் துன்பத்துடன் என்பு வைத்தியரிடம் செல்பவர், முதலில் நடந்து காட்டும்படி கேட்கப்படுவார். பின்னர் ஒற்றைக் காலில் நிற்பார், முன்னே குனிவார், கட்டிலில் மல்லாந்து படுப்பார். அவரது கால் முழங்கால் மடங்காமல் மேலே உயர்த்தப்படும்; தொடை வயிற்றை நோக்கி மடக்கப்படும். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இவ்வசைவுகள் பெரும்பாலானவற்றுக்கு ஐரோப்பிய வைத்தியர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தோமஸ், லசேக், திரெண்டெலன்பேர்க், ஒர்த்தொலானி என அப்பெயர்களை மருத்துவ மாணவர் மனனஞ் செய்கின்றனர். அப்பெயர்களுக்குப் பின்னே நின்ற மனிதர்கள் யாவர், எத்தகைய உடல்களைக் கண்டு அவர்கள் இவற்றை வகுத்தனர், பின்னர் இவை யாருடைய கையில் எதற்குப் பயன்பட்டன என்பன பாடநூல்களிற் கூறப்படுவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒரே அசைவு நோயாளியின் சொல்லை விளங்கிக்கொள்வதற்கும் பயன்பட்டுள்ளது; அவரைப் பொய்யர் என நிறுவுவதற்கும் பயன்பட்டுள்ளது. இவ்விரு பயன்பாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நிர்ணயித்தது பரிசோதனை நிகழ்ந்த சமூக உறவேயன்றி அசைவின் இயல்பன்று என்பதே நமது கருத்தாகும்.

2. உடலின் இயல்பும் அறிவின் சிக்கலும்

இவ்வுறுப்புகளின் அமைப்பை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். நாரி முள்ளந்தண்டென்புகள் ஐந்தும் திருவென்பின் மீது நிற்கின்றன. திருவென்பு இருபுறமும் இடுப்பென்புகளுடன் இணைந்து ஒரு வளையத்தை ஆக்குகின்றது. அவ்வளையத்தின் குழிகளிலே தொடையென்பின் தலைகள் பொருந்தியுள்ளன. இம்மூன்றும் தனித்தனியே அசைவன அல்ல. இடுப்பு மூட்டு இறுகினால் நாரி வளைந்து ஈடுசெய்யும். ஒரு கால் குறுகினால் இடுப்பு வளையம் சரிந்து அதனை மறைக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று ஒளித்துவிடுகின்றது.

மேலும் இங்கு நோவு எழும் இடமும் உணரப்படும் இடமும் வேறுபடுவதுண்டு. இடுப்பு மூட்டு நோயுற்ற சிறுவன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவான். முள்ளந்தண்டில் நரம்பு வேர் நெருக்குண்டவர் கெண்டைக் காலிலும் பாதத்திலும் வலியை உணர்வார். தடித்த தசைகளின் கீழ் ஆழ்ந்து கிடக்கும் இம்மூட்டுகளை முழங்காலைப் போன்று நேரே தொட்டறிதல் இயலாது. எனவே வைத்தியர் அசைவைக் கொண்டே அனுமானித்தல் வேண்டும். ஒரு பகுதியை அசையாது நிறுத்தி மற்றதை அசைத்தால் மறைந்திருப்பது வெளிப்படும். இப்பரிசோதனைகள் அனைத்தினதும் அடிப்படைத் தருக்கம் இதுவேயாகும்.

இச்சிக்கல் பழைமையானது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் மூட்டுகள் பற்றிய நூல், இடுப்பு மூட்டு நான்கு திசைகளில் விலகக்கூடும் எனக் கூறி, ஒவ்வொன்றிலும் கால் எவ்வாறு தோன்றும், அவர் எவ்வாறு நடப்பார், வளரும் பருவத்தில் விலகல் நேர்ந்தால் தொடை எவ்வாறு மெலியும் என்பவற்றை விரித்துரைக்கின்றது. அந்நூலின் மற்றொரு பகுதியும் கவனத்துக்குரியது. கூனுற்றவரை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து விழவிடும் முறையைப் பற்றிக் கூறும் ஆசிரியர், கூட்டத்தை வியப்பிலாழ்த்த விரும்பும் வைத்தியரே அதனைக் கையாள்வதாகக் கண்டிக்கின்றார். தாம் வேறொரு வழியில் கூனை நிமிர்த்த முயன்று தோற்றதையும் பதிவுசெய்து, தோல்வியும் பிறர்க்குப் பாடமாகும் என்கின்றார். தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் இக்குரல் பிற்காலத்தில் எந்நிலைமையில் ஒலித்தது, எந்நிலைமையில் அடங்கிற்று என்பதை நாம் பின்னர் காண்போம்.

கிரேக்க மொழியில் இடுப்பைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததே சியாற்றிக்கா என்னும் நோய்ப்பெயராகும். இடுப்பு மூட்டின் நோயும் காலில் இறங்கும் நரம்பு வலியும் நீண்ட காலம் இவ்வொரே பெயருள் அடங்கிக் கிடந்தன. 1764 இல் நேப்பிள்ஸ் நகரின் வைத்தியர் டொமெனிக்கோ கொத்துஞ்ஞோ வெளியிட்ட சிறு நூலே மூட்டைச் சார்ந்த வலியையும் நரம்பின் வழி செல்லும் வலியையும் தெளிவாக வேறுபடுத்திற்று. எனினும் இவற்றைக் கட்டிலருகே பிரித்தறியும் அசைவுப் பரிசோதனைகள் தோன்றுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அந்நூற்றாண்டு ஆலைகளினதும் துறைமுகங்களினதும் புகையிரதங்களினதும் நூற்றாண்டாகும்.

3. லிவர்ப்பூல்: என்பு பொருத்துவோரின் மரபு

ஹியூ ஓவன் தோமஸ் 1834 இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். அவரது குடும்பம் பல தலைமுறைகளாக என்பு பொருத்துந் தொழிலைச் செய்துவந்தது. தந்தை ஈவன் தோமஸ் லிவர்ப்பூலில் அத்தொழிலை நடத்திப் புகழ்பெற்றார். பட்டம் பெற்ற வைத்தியர்கள் அவர்மீது பன்முறை வழக்குத் தொடுத்தனர். கையினால் அறிந்த தந்தைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவில்லை. தம் ஐந்து புதல்வரையும் அவர் முறைப்படி வைத்தியக் கல்வி பயில அனுப்பியமைக்கு இவ்வனுபவமே காரணம் எனலாம்.

ஹியூ ஓவன் தோமஸ் எடின்பரோவிலும் இலண்டனிலும் கற்று 1857 இல் தகைமை பெற்றார். பின்னர் லிவர்ப்பூலில் நெல்சன் வீதியில் தொழில் நடத்தினார். துறைமுகத் தொழிலாளரும் கப்பற் கட்டுநரும் அவர்களது பிள்ளைகளும் அவரிடம் வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளை அவர் இலவசமாகப் பார்வையிட்டார். கொல்லரையும் தோல் வேலைக்காரரையும் தம்மிடத்தே வைத்து அணைச்சட்டங்களைச் செய்வித்தார். வைத்தியரின் அறிவும் கைவினைஞரின் திறனும் ஒரே கூரையின் கீழ் இணைந்து தொழிற்பட்டமை அக்கால ஆங்கிலேய வைத்தியத்தில் அரிதான நிகழ்வாகும்.

நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த அம்மக்களின் பிள்ளைகளிடையே இடுப்பு மூட்டின் சயரோகம் மிகுந்து காணப்பட்டது. நோயுற்ற மூட்டு சற்று மடங்கிய நிலையில் இறுகிவிடும். ஆயின் கட்டிலில் படுத்த பிள்ளை நாரியை மேலே வளைத்துக் காலை நேராக நீட்டிவிடுகின்றது. பார்ப்பவருக்குக் குறை எதுவும் தோன்றாது. தோமஸ் இம்மறைப்பை நீக்கும் வழியை வகுத்தார். நலமான பக்கத்துத் தொடையை வயிற்றோடு மடக்கினால் நாரியின் வளைவு மறைந்து முதுகு கட்டிலிற் படியும். அப்பொழுது நோயுற்ற கால் தானாகவே மேலெழும். எழுந்த கோணமே மூட்டின் இறுக்கத்தின் அளவாகும். 1875 இல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்கள் பற்றி அவர் வெளியிட்ட நூலுடன் இப்பரிசோதனை தொடர்புடையது.

இதனை ஒரு மேதையின் திடீர்க் கண்டுபிடிப்பாகக் கொள்வது பொருந்தாது. உடலை அசைத்தறியும் பழக்கம் அவருக்குக் குடும்பத் தொழிலின் வழி வந்தது. அதனை முறைப்படுத்தும் மொழியைப் பல்கலைக்கழகம் வழங்கிற்று. பரிசோதிக்க வேண்டிய தேவையைத் துறைமுக நகரின் வறுமை தோற்றுவித்தது. இம்மூன்றும் சந்தித்த இடத்திலேயே தோமஸ் பரிசோதனை பிறந்தது. அவரிடம் பயின்ற மருகர் றொபேட் ஜோன்ஸ், மன்செஸ்ரர் கப்பற் கால்வாய் வெட்டப்பட்டபோது அங்கு உழைத்த பல்லாயிரம் தொழிலாளர்க்கான விபத்துச் சிகிச்சையை ஒழுங்கமைத்தார். அக்கால்வாய் 1894 இல் திறக்கப்பட்டது. நவீன என்பு வைத்தியத்தின் விபத்துச் சேவை அதன் கரையிலேயே உருப்பெற்றது எனக் கூறுதல் மிகையாகாது.

4. பெல்கிறேட்டும் பாரிஸும்: பெயர் யாருக்கு?

நோயாளியை மல்லாக்கப் படுக்கச் செய்து, முழங்காலை நீட்டியபடியே வைத்துக் குதிகாலைப் பிடித்துக் காலை உயர்த்தும் பரிசோதனை லசேக் பரிசோதனை என உலகெங்கும் வழங்குகின்றது. கால் ஏறத்தாழ முப்பது பாகைக்கும் எழுபது பாகைக்கும் இடையில் உயரும்போது வலி முழங்காலுக்குக் கீழும் பாய்ந்தால், நாரியின் கீழ்ப்பகுதியிலும் திருவென்பிலும் இருந்து புறப்படும் நரம்பு வேர்கள் நெருக்குண்டிருக்கலாம் என வைத்தியர் ஐயுறுவர்.

சார்ள்ஸ் லசேக் 1864 இல் சியாற்றிக்கா பற்றிக் கட்டுரை எழுதியவர். அக்கட்டுரையில் இப்பரிசோதனை விவரிக்கப்படவில்லை. அதனை விவரித்தவர் அவருடைய மாணவர் போர்ஸ்ற். 1881 இல் தம் பட்ட ஆய்வேட்டில் அதனை எழுதி, பெருமையை ஆசிரியருக்கே அளித்தார். ஆயினும் அதற்கு ஓராண்டு முன்னரே, 1880 இல், பெல்கிறேட்டில் வாழ்ந்த சேர்பிய வைத்தியர் லாசா லசாரெவிச் இதே குறியைச் சேர்பிய மொழி மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார். காலை உயர்த்தும்போது சியாற்றிக் நரம்பு இழுபடுவதே வலிக்குக் காரணம் என்ற விளக்கத்தையும் அவர் தந்திருந்தார். போர்ஸ்ற் கூறிய காரணம் வேறு. தசைகள் நரம்பை நெரிப்பதே வலியைத் தருகின்றது என அவர் கருதினார். 1884 இல் பாரிஸைச் சேர்ந்த தெ பேர்மன் என்பார் பிரேதமொன்றில் அந்நரம்பின் இடத்தில் இறப்பரைப் பொருத்திக் காலை உயர்த்தி, அது இழுபடுவதைக் காட்டினார். லசாரெவிச்சின் விளக்கமே சரியானது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. பெயர் மட்டும் லசேக்குடனேயே நின்றுவிட்டது.

லசாரெவிச் தம் நாட்டில் சிறந்த சிறுகதையாசிரியராகவும் மதிக்கப்படுபவர். அவரது கட்டுரை ஜேர்மன் மொழியில் வெளிவந்தது 1884 இலேயே. அதற்குள் பாரிஸின் பெயர் வேரூன்றிவிட்டது. சிறிய மொழியொன்றில் எழுதப்பட்ட அறிவு, பெரிய மொழியொன்றில் மீண்டும் எழுதப்படும்வரை அறிவாகக் கணிக்கப்படுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும். தாய்மொழியில் அறிவியல் எழுத முற்படும் நமக்கு இவ்வரலாறு அயலான தன்று.

5. நிற்கும் உடலும் தாயின் செவியும்

1895 இல் ஜேர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரீட்றிக் திரெண்டெலன்பேர்க், பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்களின் நடையைப் பற்றிக் கட்டுரையொன்றை வெளியிட்டார். இவர்கள் தாராவைப் போல் இருபுறமும் அசைந்து நடப்பதற்குத் தொடையென்பின் தலை மேலுங் கீழும் வழுக்குவதே காரணம் எனப் பலரும் நம்பியிருந்தனர். அவரோ நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்புறமிருந்து நோக்கினார். நலமானவர் ஒரு காலைத் தூக்கினால் அப்பக்கத்து இடுப்பு சற்று உயரும். விலகிய மூட்டில் நிற்பவருக்கு அது தாழ்ந்து விழும். இடுப்பு வளையத்தைத் தாங்கிப்பிடிக்கும் பிட்டத் தசைகள் தம் தொழிலைச் செய்ய இயலாமையே தள்ளாட்டத்தின் காரணம் என அவர் நிறுவினார். ஒரு தசையின் தோல்வியைக் காண அவருக்குத் தேவைப்பட்டது நிற்கும் மனிதர் ஒருவரே. அதே ஆண்டின் இறுதியில் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். என்பை ஒளிப்படமாக்கும் ஆற்றல் இதனால் வந்தது. ஆயின் நிற்கும்போது தளரும் தசையை அப்படம் காட்டுவதில்லை. திரெண்டெலன்பேர்க்கின் பரிசோதனை இன்றும் கைவிடப்படாதிருப்பதன் காரணம் இதுவே.

பிறவி இடுப்பு விலகலைக் குழந்தை நடப்பதற்கு முன்னரே அறிதல் அடுத்த சிக்கலாயிற்று. வட இத்தாலியில் இந்நோய் மிகுதி. பெராரா நகரின் குழந்தை வைத்தியர் மரீனோ ஒர்த்தொலானியிடம் 1930 களில் தாயொருவர் தம் குழந்தையைக் கொண்டுவந்தார். குழந்தையைக் கழுவும்போது இடுப்பில் ஏதோ சொடுக்குவதைத் தாம் உணர்ந்ததாக அவர் கூறினார். அச்சொல்லை ஒர்த்தொலானி புறக்கணிக்கவில்லை. தொடைகளை மடக்கி வெளிப்புறமாக விரிக்கும்போது, விலகியிருந்த என்பின் தலை குழிக்குள் திரும்பும் உணர்வே அச்சொடுக்கு என அவர் விளக்கி 1937 இல் வெளியிட்டார். பிரான்சின் ரென் நகரில் லெ தமனி என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைக் குறிப்பிட்டிருந்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று. 1962 இல் சல்போர்ட் நகரின் பார்லோ, விலகக்கூடிய மூட்டைக் கண்டறியும் எதிர்த்திசை அசைவை இதனுடன் சேர்த்தார். பிறந்த குழந்தைகளில் அறுபதில் ஒன்றுக்கு மூட்டு நிலையற்றிருப்பதையும், அவற்றிற் பெரும்பாலானவை இரண்டு மாதத்துள் தாமே உறுதியடைவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இப்பரிசோதனையின் உலகப் பெயர் ஒர்த்தொலானி. குழந்தையைக் கழுவிய தாயின் கையே அதனை முதலில் உணர்ந்தது. அவரது பெயர் எந்நூலிலும் இல்லை.

இந்நோய் பிறப்பினால் மட்டும் அமைவதன்று. குழந்தையை வளர்க்கும் வழக்கமும் அதில் பங்குகொள்கின்றது. கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றும் வழக்கமோ தொட்டிற் பலகையில் பிணைக்கும் வழக்கமோ உள்ள நவகோ, சாமி மக்களிடையே இது மிகுந்திருந்தது. குழந்தையின் கால்கள் இருபுறமும் விரிந்திருக்கத் தாய் தன் இடுப்பிலோ முதுகிலோ சுமக்கும் சமூகங்களில் இது குறைவாகக் காணப்படுவதை ஆய்வாளர் அவ்வழக்கத்துடன் தொடர்புபடுத்துவர். யப்பானில் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு 1975 இல் தொடங்கிய பிரசாரத்தின் பின்னர் நோயின் அளவு வெகுவாகக் குறைந்தது. நமது தாய்மார் பிள்ளையை ஒக்கலில் வைக்கும் சாதாரணச் செயலுக்கு இத்தகைய பொருளும் உண்டு.

6. புகையிரதமும் நட்டஈடும்: ஐயத்தின் தோற்றம்

இதுவரை கூறியவற்றில் வைத்தியரின் கை நோயாளியின் பக்கமே நின்றது. இனிக் கூறுவது மறுபக்கம்.

புகையிரத விபத்துகள் பெருகிய இங்கிலாந்தில், வெளிக்காயம் எதுவுமின்றி விபத்திலிருந்து மீண்டவர்கள் நாட்கள் சென்றபின் முதுகு வலியாலும் நடுக்கத்தாலும் உறக்கமின்மையாலும் துன்புற்றனர். 1866 இல் இலண்டனின் ஜோன் எரிக் எரிக்சன் இதனை ஆராய்ந்து, அதிர்ச்சியினால் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்படுகின்றது என வாதிட்டார். புகையிரத முள்ளந்தண்டு என்ற பெயர் மக்கள் வழக்கில் பரவிற்று. நட்டஈடு கோரிய வழக்குகளில் அவரது நூல் மேற்கோளாயிற்று. 1883 இல் ஹேபேட் பேஜ் இதற்கு மறுப்பாக விரிவான நூலொன்றை வெளியிட்டார். காயம் முள்ளந்தண்டிலன்று, மனத்தின் அச்சத்திலேயே உள்ளது என்பது அவர் முடிவு. பேஜ் புகையிரதக் கம்பனியொன்றின் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பணியாற்றியவர். அவரது கூற்றில் உண்மையின் கூறுகள் உண்டு. அதிர்ச்சியின் உளவியலை ஆராய்ந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். எனினும் அவ்வுண்மை கம்பனியின் பணப்பெட்டிக்கு உகந்ததாகவும் அமைந்தது என்பதை வரலாற்றாசிரியர் கவனியாது விடமுடியாது.

ஜேர்மனியில் 1884 இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1897 இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறிற்று. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இவை தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியோடு இணைந்த வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் இச்சட்டங்கள் வைத்தியருக்குப் புதியதொரு பாத்திரத்தை அளித்தன. இழந்த விரலையும் காலையும் எவரும் எண்ணலாம். அவற்றுக்கு நூற்றுவீதம் வகுக்கலாம். நாரியின் வலியை எண்ணுதல் இயலாது. அது தொழிலாளியின் சொல்லில் மட்டுமே இருக்கின்றது. உழைப்புச் சக்தியை விலைபேசும் சமூகத்தில் அச்சொல்லுக்குப் பணமதிப்பு ஏற்பட்டது. பணமதிப்பு ஏற்பட்ட கணமே அது ஐயத்துக்கும் உள்ளாயிற்று.

ஜேர்மனியின் உயர் காப்புறுதி அலுவலகம் 1926 இல் விபத்தினால் வந்த நரம்புத் தளர்ச்சிக்கு நட்டஈடு வழங்க வேண்டியதில்லை எனத் தீர்மானித்தது. நட்டஈட்டுக்கான ஆசையே நோயைத் தோற்றுவிக்கின்றது என்பது அதன் வாதம். இக்காலப்பகுதியில் நோயாளி அறியாத வகையில் அவரைச் சோதிக்கும் தந்திரங்களும் பெருகின. படுக்கையில் காலை உயர்த்தும்போது வலி என்பவரைக் கதிரையில் இருத்தி, முழங்காலைச் சோதிப்பதுபோல் காலை நீட்டச் செய்வர். முன்னைய வலி அங்கு தோன்றாவிடின் அவரது கூற்று பொருந்தாததாகக் கொள்ளப்படும். பெல்கிறேட்டில் நரம்பின் துன்பத்தை அறியப் பிறந்த அசைவு, இங்கு பொய்யைக் கண்டுபிடிக்கும் பொறியாகப் பயன்பட்டது.

1980 இல் கிளாஸ்கோவைச் சார்ந்த கோர்டன் வொடெலும் அவருடன் பணியாற்றியோரும் இத்தகைய குறிகளைத் தொகுத்து ஐந்து வகைகளாக வகுத்தனர். தோலை மெல்லத் தொட்டாலே எழும் வலி, தலையை அழுத்தும்போது நாரியில் எழும் வலி, கவனம் திரும்பியபோது மறையும் வலி, உடற்கூற்றுக்கு இயையாத பரந்த உணர்விழப்பு, மிகையான எதிர்வினை ஆகியன அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ காணப்பட்டால், உடற்காரணத்துக்கு அப்பாலும் நோக்குதல் வேண்டும் என அவர்கள் கூறினர். நோயாளியின் உளத்துயரையும் கருத்திற் கொண்டு, பயனற்ற சத்திரசிகிச்சையிலிருந்து அவரைக் காப்பது அவர்களது நோக்கங்களுள் ஒன்றாகும். ஆனால் நீதிமன்றங்களிலும் காப்புறுதி அலுவலகங்களிலும் இக்குறிகள் பாசாங்கின் சான்றாக எடுத்தாளப்பட்டன. 1998 இல் மெயினும் வொடெலும் மீண்டும் எழுதி, இவை பாசாங்கைக் காட்டுவன அல்ல எனவும், அச்சமும் மனத்துயரும் நீடித்த வலியும் உள்ளவரிடமும் இவை காணப்படும் எனவும் தெளிவுபடுத்தினர். கருவியை ஆக்கியோரே அதன் துர்ப்பிரயோகத்தைக் கண்டித்தமை அறிவியல் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகும். தோல்வியை ஒப்புக்கொண்ட கிரேக்க ஆசிரியரின் குரலை இங்கு நாம் மீண்டும் கேட்கின்றோம்.

7. மாறும் விளக்கமும் மாறாத அசைவும்

பரிசோதனையின் அசைவு மாறாதிருக்க, அதன் பொருள் காலந்தோறும் மாறியது என்பதும் கவனிக்கத்தக்கது. 1905 இல் பொஸ்ரனின் கோல்ட்துவெயிற், ஒஸ்குட் ஆகியோர் திருவென்புக்கும் இடுப்பென்புக்கும் இடைப்பட்ட மூட்டின் நெகிழ்ச்சியை முதுகு வலியின் முக்கிய காரணமாக முன்வைத்தனர். அடுத்த சில பத்தாண்டுகளில் அம்மூட்டே பிரதான குற்றவாளியாயிற்று. அதனைச் சோதிக்கும் அசைவுகள் பல தோன்றின. அதனை அசையாது பொருத்தும் சத்திரசிகிச்சைகளும் நிகழ்ந்தன. 1934 இல் அதே பொஸ்ரன் நகரில் மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர், முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்குவதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதன் பின்னர் தட்டின் ஆட்சி தொடங்கிற்று. காலை உயர்த்தும் அதே பரிசோதனை இப்பொழுது பிதுங்கிய தட்டின் சான்றாக வாசிக்கப்பட்டது.

காந்த ஒத்ததிர்வுப் படம் வந்தபோது கையின் காலம் முடிந்தது எனப் பலர் எண்ணினர். 1994 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. முதுகு வலியே இல்லாத 98 பேரின் படங்கள் ஆராயப்பட்டன. அவர்களுள் 52 வீதத்தினருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது தட்டு உப்பியிருந்தது. 27 வீதத்தினருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தோர் 36 வீதத்தினரே. படத்தில் தெரியும் குறை வேறு, மனிதர் உணரும் வலி வேறு என்பது இதனால் புலனாயிற்று.

கையை மிகைப்படப் புகழ்தலும் சரியன்று. 2010 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றின்படி, காலை உயர்த்தும் பரிசோதனை சத்திரசிகிச்சைக்கு வந்த நோயாளரில் தட்டுப் பிதுக்கம் உள்ளோரில் 92 வீதத்தினரைக் கண்டுகொள்கின்றது. ஆனால் அது இல்லாதோரில் 28 வீதத்தினரையே சரியாக விலக்குகின்றது. நலமான காலை உயர்த்தும்போது நோயுற்ற காலில் வலி எழும் குறியில் இது தலைகீழாகும்: 28 வீதத்தினரையே அது கண்டுகொள்கின்றது, இல்லாதோரில் 90 வீதத்தினரைச் சரியாக விலக்குகின்றது. திருவென்பு மூட்டுப் பரிசோதனைகளிலும் ஒன்றை மட்டும் நம்பாது, மூன்றோ அதற்கு மேலோ ஒத்து நிற்கும்போதே அவை மதிக்கத்தக்கன என இன்று கொள்ளப்படுகின்றது. எந்தத் தனிக்குறியும் இறுதித் தீர்ப்பாகாது. நோயாளி கூறும் வரலாற்றுடனும் அவரது தொழிலுடனும் வாழ்வுடனும் சேர்த்து வாசிக்கும்போதே அவை பொருள்படுகின்றன.

8. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, இப்பரிசோதனைகள் சில தனிமனிதரின் மேதைமையினால் மட்டும் உருவாகவில்லை. என்பு பொருத்துவோரின் தொழின்மரபும், மாணவரின் உழைப்பும், சிறிய மொழியொன்றில் எழுதியவரின் நுண்ணோக்கும், பெயர் அறியப்படாத தாயின் உணர்வும் அவற்றுள் அடங்கியுள்ளன. இரண்டாவது, அவற்றின் பொருள் உடலினால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. அக்காலத்துக் கோட்பாடும் அதனை நிர்ணயிக்கின்றது. மூன்றாவது, வைத்தியர் யாருக்காகப் பரிசோதிக்கின்றார் என்பது எவ்வாறு பரிசோதிக்கின்றார் என்பதைப் போன்றே முக்கியமானது.

மூன்றாவது உண்மை நடைமுறைப் பெறுமதி உடையது. 2020 இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியினால் துன்புற்றனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. உடல் இயலாமையுடன் வாழும் ஆண்டுகளுக்கு உலகில் முதற்காரணமாக இருப்பதும் இதுவே. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும் பெண்ணும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும், தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் குனிந்திருப்பவரும் இத்தொகையினுள் அடங்குவர். அவர்களிற் பலருக்கு விலையுயர்ந்த படம் எட்டாதது. பலருக்கு அது தேவையானதும் அன்று. அவர்களுக்குத் தேவையானது உடையைக் களைந்து நிற்கக் கூசாத ஓர் அறை, அவசரமற்ற பத்து நிமிடம், பயின்ற கை, சொல்வதைச் செவிமடுக்கும் மனம் ஆகியனவே. இவற்றை வழங்காத சுகாதார அமைப்பு படத்தை வழங்கினாலும் நோயை அறியாது.

பெராராவில் தாயொருவரின் சொல் நம்பப்பட்டது. அதனால் எண்ணற்ற குழந்தைகள் நேராக நடந்தனர். புகையிரத வழக்குகளில் காயமுற்றோரின் சொல் விலைபேசப்பட்டது. அதனால் வைத்தியம் சாட்சிக் கூண்டாயிற்று. நமது வைத்தியக் கூடங்களில் நாரியைப் பிடித்தபடி வரும் தொழிலாளியின் முன் இவ்விரு மரபுகளும் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் எதனை நமதாகக் கொள்வது என்பது வைத்தியர் மட்டும் தீர்மானிக்கும் விடயமன்று. தொழிற்சட்டமும் தொழிற்சங்கமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து விடையளிக்க வேண்டிய வினா அது.